வெள்ளை டிராகன்மீது பனிக்கதிர்: இம்யூனிட்டி எதைத் தடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டும் கதாபாத்திர ஆட்டத்தை ஆடும் மேசைகளில் ஆட்டம் அடிக்கடி நின்றுபோகும் இடம் ஒன்று உண்டு. மந்திரவாதியான விஸார்ட் ஒருவர் வெள்ளை டிராகன்மீது ரே ஆஃப் ஃப்ராஸ்ட் மந்திரத்தை ஏவுகிறார். பகடை நன்றாக விழுகிறது, கதிர் படுகிறது. ஆட்டத்தை நடத்தும் டிஎம், "அதுக்குக் குளிர் இம்யூனிட்டி இருக்கு, ஒண்ணும் ஆகல" என்று அடுத்தவரிடம் போகப் பார்க்கிறார். ஆட்டக்காரர் விடுவதில்லை: "சேதம் இல்லன்னா சரி. வேகம் 10 அடி குறையணுமே?"

ஐந்தாம் பதிப்பு விதிகளின்படி (2014 நூல்கள், அவற்றைத் திருத்திய 2024 நூல்கள் இரண்டும்) ஆட்டக்காரர் சொல்வதுதான் சரி. டிராகனுக்கு ஒரு புள்ளிகூடச் சேதம் இல்லை, ஆனால் அதன் வேகம் குறைகிறது. பனிக்கட்டியில் பிறந்து வளர்ந்த பிராணி பனிக்கதிர் பட்டுத் தளர்வது விசித்திரமாகத் தோன்றலாம். அந்த விசித்திரத்துக்குப் பின்னால் ஒழுங்கான தர்க்கம் ஒன்று இருக்கிறது. அதே தர்க்கம் வேறு சில மந்திரங்களில் நேர் எதிரான முடிவைத் தரும். எது எப்போது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மூன்று வகை விளைவுகள்

ஒரு மந்திரமோ தாக்குதலோ இலக்குக்குச் செய்யக்கூடியவற்றை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலாவது சேதம். ஹிட் பாயிண்ட் எனப்படும் உயிர்க் கணக்கிலிருந்து கழியும் எண் இது. ஐந்தாம் பதிப்பில் சேதத்துக்கு 13 வகைகள்: நெருப்பு, குளிர், மின்னல், இடி, அமிலம், விஷம், நெக்ரோடிக் (உயிரை வாட்டுவது), ரேடியன்ட் (புனித ஒளி), சைக்கிக் (மனத்தைத் தாக்குவது), ஃபோர்ஸ் (மந்திர விசை), அவற்றோடு ஆயுத அடிகளான குத்து, வெட்டு, மோதல். ஒரு வகைக்கு ரெசிஸ்டன்ஸ் இருந்தால் சேதம் பாதியாகும். வல்னரபிலிட்டி இருந்தால் இரட்டிப்பாகும். இம்யூனிட்டி இருந்தால் பூஜ்யம்.

இரண்டாவது கண்டிஷன். பார்வையிழத்தல், அச்சம், தரையில் வீழ்தல், விஷமேறிய நிலை என்று விதிநூல் பெயர் சூட்டி வரையறுத்த 15 நிலைகள் இவை. இவற்றுக்குத் தனி இம்யூனிட்டி உண்டு. 2014ஆம் ஆண்டு நூல்களில் பிராணியின் குறிப்புப் பட்டியலில் சேத இம்யூனிட்டி ஒரு வரியாகவும் கண்டிஷன் இம்யூனிட்டி இன்னொரு வரியாகவும் இருக்கும். புதிய பிராணி நூலில் இரண்டையும் ஒரே வரியில் போட்டு நடுவில் ஓர் அரைப்புள்ளி வைத்திருக்கிறார்கள். அவசரத்தில் படிப்பவர் அந்த அரைப்புள்ளியைத் தாண்டிப் போய்விடுகிறார்.

மூன்றாவதுதான் சண்டையை உண்டாக்குவது: சேதமும் அல்லாத, கண்டிஷனும் அல்லாத விளைவுகள். வேகம் 10 அடி குறைதல், ரியாக்‌ஷன் (அடுத்தவர் முறையிலும் உடனே காட்டக்கூடிய எதிர்வினை) எடுக்க முடியாமை, ஹிட் பாயிண்ட் திரும்பப் பெற முடியாமை, அடுத்த தாக்குதலில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிச் சிறிய எண்ணை எடுத்தல்), 10 அடி தள்ளப்படுதல். இவற்றுக்குப் பட்டியலில் இடமே கிடையாது. ‘வேகக் குறைப்புக்கு இம்யூனிட்டி’ என்று ஒரு வரி வெள்ளை டிராகனின் குறிப்பில் இல்லை. குளிர் என்று மட்டுமே இருக்கிறது. அந்தச் சொல் அங்கே குறிப்பது குளிர்ச் சேதத்தை. குளிர் தொடர்பான எல்லாவற்றையும் அது குறிப்பதில்லை.

இம்யூனிட்டி எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது

ஒரு தாக்குதல் நடக்கும்போது மேசையில் நிகழ்வதை வரிசைப்படுத்துவோம்.

1. இலக்கு இந்த மந்திரத்துக்குத் தகுதியானதா என்று பார்க்கிறோம். சில மந்திரங்கள் மனித உருவினரை மட்டும் தாக்கும், சில ‘கேட்கக்கூடியவரை’ மட்டும் தாக்கும்.
2. தாக்குதல் பகடை உருட்டுகிறோம், அல்லது இலக்கு, விளைவிலிருந்து தப்பிக்கும் பகடையான சேவிங் த்ரோவை (சுருக்கமாக சேவ்) உருட்டுகிறது.
3. சேதப் பகடைகளை உருட்டிக் கூட்டுகிறோம்.
4. அந்த எண்ணில் கழித்தல்களைச் செய்து, பிறகு ரெசிஸ்டன்ஸ், வல்னரபிலிட்டி, இம்யூனிட்டி ஆகியவற்றைப் பொருத்துகிறோம்.
5. எஞ்சியதை ஹிட் பாயிண்டில் கழிக்கிறோம்.
6. மந்திரத்தில் சொல்லப்பட்ட மற்ற விளைவுகளை நடைமுறைப்படுத்துகிறோம்.

இம்யூனிட்டி நான்காம் கட்டத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது. அது பின்னோக்கிப் போய் இரண்டாம் கட்டத்தில் பட்ட அடியைப் படாத அடியாக மாற்றுவதில்லை. தவறிய சேவை வென்ற சேவாக்குவதும் இல்லை. ஆகவே ஆறாம் கட்டத்தில் வரும் விளைவு இரண்டாம் கட்டத்தின் முடிவைப் பிடித்துத் தொங்குகிறதா, ஐந்தாம் கட்டத்தின் எண்ணைப் பிடித்துத் தொங்குகிறதா என்பதுதான் கேள்வி. எந்தக் கொக்கியில் மாட்டியிருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

முதல் கொக்கி: ‘பட்டால்’

ரே ஆஃப் ஃப்ராஸ்டின் விதி சொல்வது இவ்வளவுதான்: பட்டால் இலக்கு 1டி8 (எட்டு முகப் பகடை ஒன்றை உருட்டி வரும் எண்) குளிர்ச் சேதம் பெறும், மேலும் உங்கள் அடுத்த முறை தொடங்கும்வரை அதன் வேகம் 10 அடி குறையும். நடுவில் இருப்பது ‘மேலும்’. ‘அதனால்’ என்றோ ‘சேதம் பட்டிருந்தால்’ என்றோ விதி சொல்லவில்லை. சேதமும் வேகக் குறைப்பும் ஒரே கொக்கியில் தனித்தனியாக மாட்டப்பட்ட இரண்டு பைகள். ஒன்றை வெட்டிவிட்டால் மற்றது விழாது. வயதுவந்த வெள்ளை டிராகன் தரையில் 40 அடி போகும், இனி 30 அடிதான். 2024 விதிகள் பறக்கும் வேகத்திலும் அதே அளவு குறைப்பைத் தெளிவாகச் சேர்த்திருப்பதால் 80 அடி 70 ஆகும்.

இங்கே இன்னொரு லாபமும் ஒளிந்திருக்கிறது. பெரிய டிராகன்களுக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, தவறிய சேவை வென்றதாக மாற்றிக்கொள்ளும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் உண்டு. ரே ஆஃப் ஃப்ராஸ்டில் சேவே கிடையாது. எனவே அந்த வசதி இதன்முன் உதவாது.

ஷாக்கிங் கிராஸ்பும் இதே இனம். பட்டால் 1டி8 மின்னல் சேதம், கூடவே இலக்கு தன் அடுத்த முறை தொடங்கும்வரை ரியாக்‌ஷன் எடுக்க முடியாது. நீல டிராகனுக்கு மின்னல் சேதம் ஏறாது. ஆனாலும் அதைத் தொட்டுவிட்டு விஸார்ட் விலகி நடந்தால் அது வாய்ப்புத் தாக்குதல் (அருகிலிருந்து விலகுபவரை அடிக்கும் ரியாக்‌ஷன்) செய்ய முடியாது. 2024 பதிப்பில் இந்த விளைவைச் சுருக்கிவிட்டார்கள். அங்கே தடைபடுவது வாய்ப்புத் தாக்குதல் மட்டும், மற்ற ரியாக்‌ஷன்கள் தப்பிக்கின்றன. எந்தப் பதிப்பானாலும் லெஜண்டரி ஆக்‌ஷன் ரியாக்‌ஷன் அல்ல. அடுத்தவரின் முறை முடிந்ததும் டிராகன் வாலைச் சுழற்றுவதை இந்த மந்திரம் தடுக்காது. இதை மறந்து நிம்மதியாக நின்றுவிடும் விஸார்டுகள்தான் அதிகம் அடிவாங்குகிறார்கள்.

2014 பதிப்பின் சில் டச் இந்த வாசிப்புக்குக் கிடைக்கும் மிக வலுவான சான்று. அது 1டி8 நெக்ரோடிக் சேதம் தரும், இலக்கு ஹிட் பாயிண்ட் மீட்பதைத் தடுக்கும். இலக்கு அன்டெட் (இறந்தும் நடமாடும்) இனமாக இருந்தால், மந்திரம் ஏவியவர்மீது அது செய்யும் தாக்குதல்களுக்கு டிஸ்அட்வான்டேஜும் தரும். கோஸ்ட், ஸ்பெக்டர், ரேத், பான்ஷீ ஆகிய எல்லாமே அன்டெட், எல்லாவற்றுக்கும் நெக்ரோடிக் இம்யூனிட்டி உண்டு. சேத இம்யூனிட்டி கூடுதல் விளைவையும் அழிக்கும் என்றால், பேய்களுக்கு எதிராகவென்றே எழுதப்பட்ட வாக்கியம் பேய்களிடம் மட்டும் செல்லாது. எழுதியவர்கள் அப்படி ஒரு வாக்கியத்தை எழுத உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

ஹெக்ஸ் மந்திரத்தில் பிரிவு இன்னும் வெளிப்படை. ஹெக்ஸ் இடப்பட்ட இலக்கை அடிக்கும்போதெல்லாம் 1டி6 நெக்ரோடிக் கூடும் என்பது ஒரு வாக்கியம். தேர்ந்தெடுத்த ஒரு திறனில் அதன் சோதனைகளுக்கு டிஸ்அட்வான்டேஜ் என்பது வேறொரு வாக்கியம். ரேத்மீது போட்டால் முதலாவது வீண், இரண்டாவது நிற்கும்.

மந்திரமல்லாத அடிகளிலும் இதே கணக்குத்தான். 2014 விதிகளில் ஓநாய் மனிதனான வெர்வுல்ஃபை வெள்ளி பூசாத, மந்திரமற்ற ஆயுதங்களால் புண்படுத்த முடியாது. சாதாரண ஓநாய் ஒன்று அதைக் கடிக்கிறது என்று வையுங்கள். சேதம் பூஜ்யம். ஆனால் ஓநாய்க் கடியின் விதி, பட்டவர் டிசி 11 (எட்ட வேண்டிய எண் 11) ஸ்ட்ரெங்த் (வலிமை) சேவில் வெல்லாவிட்டால் கீழே விழுவார் என்கிறது. பல் இறங்காவிட்டாலும் பிடித்து இழுத்தால் விழுவது இயல்புதானே. விதியும் கற்பனையும் இங்கே கைகோத்துப் போகின்றன.

இரண்டாம் கொக்கி: ‘சேவ் தவறினால்’

தர்க்கம் அதேதான், பகடையை உருட்டுபவர் மட்டும் மாறுகிறார். தண்டர்வேவில் கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் தவறினால் 2டி8 இடிச் சேதமும் 10 அடி தள்ளலும். ஸ்டார்ம் ஜயண்டுக்கு இடியும் மின்னலும் ஏறாது, ஆனால் சேவ் தவறினால் அந்த மலைபோன்ற உருவம் 10 அடி பின்னுக்குப் போகும். இந்த மந்திரத்தில் உருவ அளவுக்கு வரம்பில்லை. ஸ்டார்ம் ஜயண்டின் சேவ் தவறுவதுதான் அபூர்வம்.

டிஎம்கள் மிகவும் முரண்டு பிடிப்பது விஷியஸ் மாக்கரியில். பாடகர் வகைப் பாத்திரமான பார்ட் ஒருவர் மந்திரம் கலந்த வசைச்சொல்லை வீசுகிறார். விஸ்டம் சேவ் தவறினால் சிறிது சைக்கிக் சேதம், கூடவே இலக்கின் அடுத்த தாக்குதலுக்கு டிஸ்அட்வான்டேஜ். அயர்ன் கோலெமுக்கு சைக்கிக் சேத இம்யூனிட்டி உண்டு. 2014 விதியில் நிபந்தனை என்னவென்றால் இலக்கு கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும், புரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஆக விதிப்படி, இரும்புப் பொம்மையைத் திட்டி அதன் குறியைத் தவறவைக்கலாம். கோலெமுக்கு மந்திரங்களுக்கு எதிரான சேவ்களில் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுத்தல்) இருப்பதால் முயற்சி பலமுறை தோற்கும் என்பது ஓர் ஆறுதல்.

மூன்றாம் கொக்கி: ‘சேதம் பட்டால்’

இங்கேதான் முடிவு தலைகீழாகிறது. இந்தக் கொக்கியைக் காணாமல், ‘கூடுதல் விளைவு எப்போதும் நடக்கும்’ என்று பொதுவிதி போட்டுக்கொள்பவர்கள் மறுபக்கம் தவறுகிறார்கள்.

ஹீட் மெட்டல் மந்திரம் உலோகப் பொருள் ஒன்றைப் பழுக்கக் காய்ச்சுகிறது. தொடுபவருக்கு 2டி8 நெருப்புச் சேதம். அடுத்த வாக்கியத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்: பொருளைப் பிடித்திருப்பவர் அல்லது அணிந்திருப்பவர் அதனால் சேதம் பெற்றால், கான்ஸ்டிட்யூஷன் சேவில் வெல்ல வேண்டும், இல்லாவிட்டால் முடிந்தால் பொருளைக் கீழே போட வேண்டும். போடாவிட்டால் தாக்குதல்களுக்கும் திறன் சோதனைகளுக்கும் டிஸ்அட்வான்டேஜ். இப்போது ஃபயர் ஜயண்டை எண்ணிப் பாருங்கள்: உடல் முழுக்கத் தகட்டுக் கவசம், கையில் பெரிய வாள், நெருப்புக்கு இம்யூனிட்டி. ஹீட் மெட்டலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கு இல்லை என்று ஆசைப்பட்டு ஏவினால், சேதம் பூஜ்யம். சேதம் பெறவில்லை, ஆகவே சேவ் இல்லை, வாள் விழாது, டிஸ்அட்வான்டேஜும் இல்லை. இரண்டாம் நிலை ஸ்லாட் (மந்திரம் ஏவச் செலவாகும் வாய்ப்பு) ஒன்று வீண், கான்சென்ட்ரேஷனும் (ஒரு நேரத்தில் ஒரு மந்திரத்தை மட்டும் பிடித்துவைக்கும் கவனம்) அதில் மாட்டிக்கொள்கிறது.

வாளில் பூசும் விஷமும் இப்படியே. 2014 டிஎம் கையேட்டின்படி காயவழி விஷம், பூசப்பட்ட ஆயுதத்தால் குத்து அல்லது வெட்டுச் சேதம் பெற்றவரைத்தான் தீண்டும். சாதாரண அம்பில் அதைப் பூசி வெர்வுல்ஃபை எய்தால் அம்பு படும், தோல் கிழியாது, விஷம் இறங்காது.

இதில் ஒரு சுவையான முரண்பாடு உண்டு. டிரோ இனத்தாரின் விஷம் அந்தக் கையேட்டில் காயவழி விஷமாக இருக்கிறது, அதாவது சேதம் பட்டாக வேண்டும். அதே டிரோவின் பிராணிக் குறிப்பில் கைக்குறுவில் தாக்குதலைப் பார்த்தால், பட்டால் குத்துச் சேதமும் டிசி 13 கான்ஸ்டிட்யூஷன் சேவும் என்று இருக்கிறது. சேதம் பட வேண்டும் என்ற நிபந்தனையைக் காணோம். எழுத்துப்படி போனால், டிரோ எய்யும் அம்பு வெர்வுல்ஃபுக்கு விஷமேற்றலாம், அதே விஷத்தை வாங்கித் தன் அம்பில் பூசிய ரோக் (திருடன் வகைப் பாத்திரம்) ஏற்ற முடியாது. ஒரே விஷம் ஆளுக்கொரு மாதிரி வேலை செய்வதை எந்த மேசையும் ஏற்காது. இங்கே இரண்டுக்கும் காயம் வேண்டும் என்று டிஎம் சொல்வதே நியாயம். காயவழி என்ற பெயரே அதைத்தான் சொல்கிறது.

நான்காம் கொக்கி: சேதத்தின் அளவு

இதில் வாக்குவாதத்துக்கு இடமில்லை, கணக்குத்தான். வேம்பைரிக் டச், தந்த நெக்ரோடிக் சேதத்தில் பாதியை ஏவியவருக்கு ஹிட் பாயிண்டாகத் திருப்பித் தரும். பூஜ்யத்தில் பாதி பூஜ்யம். ஹார்ம் மந்திரத்தில் சேவ் தவறினால், பெற்ற நெக்ரோடிக் சேதத்தின் அளவு அதிகபட்ச ஹிட் பாயிண்ட் ஒரு மணி நேரத்துக்குக் குறையும். அங்கும் பூஜ்யம். டிஸிண்டக்ரேட் இலக்கைத் தூளாக்குவது அதன் சேதம் ஹிட் பாயிண்டைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால்தான். ஃபோர்ஸ் இம்யூனிட்டி உள்ள ஹெல்ம்ட் ஹாரரிடம் அது நடக்காது.

விஷம் என்ற ஒரே சொல்லின் இரண்டு முகங்கள்

விஷச் சேதம் ஒன்று, விஷமேறிய கண்டிஷன் மற்றொன்று. ஆங்கிலத்திலும் இரண்டும் ஒரே வேர்ச்சொல்லில் பிறந்தவை என்பதால் அங்கும் இதே தடுமாற்றம்தான்.

ஸோம்பி ஒன்றின்மீது ரே ஆஃப் சிக்னெஸ் ஏவினால் எதுவும் நடப்பதில்லை. உடனே ‘விஷ இம்யூனிட்டி முழு மந்திரத்தையும் தடுத்துவிட்டது’ என்று பாடம் எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. 2டி8 விஷச் சேதத்தைச் சேத இம்யூனிட்டி தடுத்தது, விஷமேறிய நிலையைக் கண்டிஷன் இம்யூனிட்டி தடுத்தது. விஷத்திலிருந்து காக்கும் மந்திரத் தாயத்து ஒன்றின் விதியும் இரண்டையும் தனித்தனியே எழுதுகிறது: விஷமேறிய கண்டிஷனுக்கு இம்யூனிட்டி, விஷச் சேதத்துக்கும் இம்யூனிட்டி. ஒன்று மற்றதை உள்ளடக்கும் என்றால் இரண்டையும் சொல்லத் தேவையிருக்காது.

விதியே இம்யூனிட்டியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் இடங்களும் உண்டு. 2014 பதிப்பின் ஸ்டிங்கிங் கிளவுட் சேதமே தருவதில்லை, குமட்டலால் ஒருவரின் ஆக்‌ஷனைப் பறிக்கிறது. மூச்சு விடத் தேவையில்லாதவர்களும் விஷத்துக்கு இம்யூனிட்டி உள்ளவர்களும் சேவில் தாமாகவே வெல்வார்கள் என்று அதில் ஒரு வரி. சேத இம்யூனிட்டி பொதுவாகவே எல்லாவற்றையும் தடுக்கும் என்றால் இந்த வரி எதற்கு? விதிவிலக்கை எழுதியிருக்கிறார்கள் என்றால் பொதுவிதி வேறு.

ராக்ஷசா இதன் உச்சம். ஆறாம் நிலை வரையிலான மந்திரங்கள் அது விரும்பினாலொழிய அதைப் பாதிக்கவே முடியாது என்கிறது 2014 குறிப்பு. இது சேத இம்யூனிட்டி அல்ல, மந்திரத்துக்கே எதிரான காப்பு. இதன்முன் ரே ஆஃப் ஃப்ராஸ்டின் இரண்டு பைகளும் சேர்ந்தே விழும்.

பூஜ்யச் சேதம் எதிரிக்குச் சாதகமாகும் இடங்கள்

‘சேதம் பட்டால்’ என்ற கொக்கி மந்திரங்களில் மட்டும் இல்லை, ஆட்டம் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. எங்கெல்லாம் என்று தெரிந்துவைத்திருந்தால் இம்யூனிட்டியைக் கருவியாகவே பயன்படுத்தலாம்.

கான்சென்ட்ரேஷன்: சேதம் பெற்றால் டிசி 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அதற்கெதிராகச் சேவ். நெருப்பு ஏறாத பூதமான இஃப்ரீட்டி ஒன்று வால் ஆஃப் ஃபயர் மந்திரத்தைக் கான்சென்ட்ரேஷனில் பிடித்திருக்கும்போது ஃபயர்பால் வீசினால், சேதமில்லை, சேவுமில்லை. ஒரு சாதாரண அம்பு பட்டாலும் சேவ் உண்டு. தன் நெருப்புச் சுவரைத் தன் தலைமீதே எழுப்பிக்கொண்டு நிற்கவும் இஃப்ரீட்டியால் முடியும்.

ஹிப்னாடிக் பேட்டர்ன்: மயங்கியவர் எந்தச் சேதம் பெற்றாலும் தெளிந்துவிடுவார். மயங்கிக் கிடக்கும் கூட்டத்தில் ஃபயர்பால் விழுந்தால் மனிதர்கள் விழித்துக்கொள்வார்கள், நெருப்பு ஏறாத இம்ப் மயக்கத்திலேயே இருக்கும். திட்டமிட்டுச் செய்தால் நல்ல உத்தி.

ட்ரோலின் மறுவளர்ச்சி: 2014 குறிப்பின்படி, ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் 10 ஹிட் பாயிண்ட் திரும்பும். அமிலமோ நெருப்போ சேதம் தந்தால் அடுத்த முறை அது நிற்கும். யாராவது அந்த ட்ரோலுக்கு நெருப்பு ரெசிஸ்டன்ஸ் தந்திருந்து, நெருப்புச் சேதப் பகடை 1 விழுந்தால்? பாதி அரை, ஐந்தாம் பதிப்பில் எப்போதும் கீழ்நோக்கி முழுமையாக்க வேண்டும், ஆக பூஜ்யம். இம்யூனிட்டி இல்லாமலே மறுவளர்ச்சி தப்பித்துவிடும்.

தற்காலிக ஹிட் பாயிண்டை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சேதத்தை உறிஞ்சும் மெத்தை. சேதம் முழுவதும் அதிலேயே தீர்ந்தாலும் சேதம் பெற்றதாகவே கணக்கு, கான்சென்ட்ரேஷன் சேவ் உண்டு. இம்யூனிட்டி எண்ணையே அழிக்கிறது, தற்காலிக ஹிட் பாயிண்ட் எண்ணுக்கு விலை கொடுக்கிறது.

உறிஞ்சிக்கொள்ளும் பிராணிகள் இன்னொரு சிக்கல். ஃப்ளெஷ் கோலெம் மின்னல் சேதத்துக்கு உள்ளானால் சேதம் பெறாது, அந்த எண்ணிக்கை ஹிட் பாயிண்டைத் திரும்பப் பெறும். அதன்மீது ஷாக்கிங் கிராஸ்ப் போட்டால்? கோலெம் குணமடையும், ரியாக்‌ஷனையும் இழக்கும். உயிர்போகும் நேரத்தில் அதன் பிடியிலிருந்து ஓட வேண்டுமானால் சில ஹிட் பாயிண்டை அதற்குத் தானம் செய்வது நஷ்டமில்லை.

2024 விதிநூலின் ஒரு வாக்கியம்

2014 நூல்கள் இம்யூனிட்டியை விரிவாக வரையறுக்கவே இல்லை. 2024 நூலின் சொல்லடைவு அதைச் செய்தது: ஒரு சேத வகைக்கோ கண்டிஷனுக்கோ இம்யூனிட்டி இருந்தால், அது உங்களை எவ்வகையிலும் பாதிக்காது. குழப்பம் தீரும் என்று பார்த்தால் புதிதாக ஒன்று கிளம்பியது. ‘எவ்வகையிலும்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, குளிர் இம்யூனிட்டி இருந்தால் பனிக்கதிரின் வேகக் குறைப்பும் போய்விட்டது என்று வாதிடுகிறார்கள்.

வாக்கியத்தில் ‘அது’ எதைச் சுட்டுகிறது என்று பார்க்க வேண்டும். சேத வகையையும் கண்டிஷனையும்தான். மந்திரம் என்ற சொல்லே அங்கு இல்லை. குளிர்ச் சேதம் உங்களை எவ்வகையிலும் பாதிக்காது, சரி. வேகக் குறைப்பு குளிர்ச் சேதம் அல்ல, மந்திரத்தின் தனி விளைவு. எனவே பழைய முடிவே நிற்கிறது. சொற்களை இன்னும் கவனமாகத் தேர்ந்திருக்கலாம் என்பது வேறு விஷயம்.

மற்ற ஆட்டங்கள் வேறுவிதமாக முடிவெடுத்தன

டிஎம்களின் உள்ளுணர்வு தவறானதல்ல என்பதற்குச் சான்று, அந்த உள்ளுணர்வையே விதியாக்கிய ஆட்டங்கள் இருக்கின்றன.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பில் ஆயுதச் சேதத்தைக் குறைக்கும் டேமேஜ் ரிடக்‌ஷன் உண்டு. ஒரு தாக்குதலின் சேதத்தை அது முழுவதும் விழுங்கிவிட்டால், காயவழி விஷம், காயவழி நோய், மாங்க் (துறவி வீரர்) தரும் ஸ்டன் (திகைத்து உறையவைத்தல்) உட்பட அந்தத் தாக்குதலோடு வரும் பெரும்பாலான சிறப்பு விளைவுகளும் போய்விடும். தொடுதல் தாக்குதலையும் அடியோடு சேர்ந்துவரும் நெருப்பு போன்ற சேதத்தையும் அது தடுக்காது. ஐந்தாம் பதிப்பில் மாங்கின் ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் அடி பட்டாலே போதும் என்றாகிவிட்டது. பழைய பதிப்பு ஆடிவந்தவர்கள் மறுப்பதற்கு இந்த நினைவே பெரிய காரணம்.

2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இன்னொரு வழியில் போனது. அங்கே ஒவ்வொரு மந்திரத்துக்கும் நெருப்பு, குளிர், விஷம் என்று ட்ரெய்ட் எனப்படும் அடையாளச் சீட்டு ஒட்டியிருக்கும். இம்யூனிட்டி அந்தச் சீட்டைப் பார்க்கிறது. ஒரு விளைவு குறிப்பிட்ட ட்ரெய்டையும் அதே வகைச் சேதத்தையும் கொண்டிருந்தால், இம்யூனிட்டி சேதத்தோடு நிற்காமல் அந்த ட்ரெய்டுக்குரிய விளைவையும் தடுக்கும். அந்தப் பதிப்பிலும் ரே ஆஃப் ஃப்ராஸ்ட் இருந்தது, குளிர் ட்ரெய்டோடு. கிரிட்டிகல் அடியில் (மிக நன்றாகப் பட்ட அடியில்) வேகம் 10 அடி குறையும். ஆனால் குளிர் இம்யூனிட்டி உள்ள வெள்ளை டிராகனுக்கு அது குறையாது. இரண்டு வகைச் சேதம் தரும் மந்திரமானால், தடுக்கப்படாத வகை மட்டும் ஏறும்.

பெயர் ஒன்று, டிராகனும் ஒன்று, விடை வேறு. ஆகவே ஒரு வாதம் தொடங்கும்முன் எந்த ஆட்டம், எந்தப் பதிப்பு என்று கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

மேசையில் மாற்ற விரும்பினால்

பனியால் பனிப்பிராணி தளரக் கூடாது என்று நினைக்கும் டிஎம் வீட்டுவிதி போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் விலை தெரிந்து போட வேண்டும். 11ஆம் நிலை விஸார்டின் ரே ஆஃப் ஃப்ராஸ்ட் 3டி8, சராசரியாக 13.5 சேதம் தரும். வெள்ளை டிராகனிடம் அதை ஏற்கெனவே முழுவதும் இழந்துவிட்டார். மிஞ்சியது 10 அடி. அதையும் பறித்தால் அவருக்கு அந்தச் சுற்று இல்லாததுபோலத்தான். கதிர் பட்டதும் டிராகனைச் சுற்றியுள்ள தரை உறைந்து வழுக்குகிறது, மூட்டுகளில் பனிப்பாளம் படிந்து அசைவு தடைபடுகிறது என்று ஒரு வரியில் சொன்னாலே விசித்திரம் மறைந்துவிடும். வலிக்காத பாரமும் பாரம்தான்.

மாற்றியே தீருவதென்றால் இரண்டு எச்சரிக்கைகள். ஆட்டம் தொடங்கும்முன் சொல்ல வேண்டும், கதிர் பட்ட பிறகு அல்ல. மேலும், அதே விதி ஆட்டக்காரர்களுக்கும் பொருந்த வேண்டும்: ரேடியன்ட் இம்யூனிட்டி பெற்ற பாத்திரம் சன்பீம் பட்டாலும் பார்வை இழக்காது, எதிரி ஏவும் தண்டர்வேவ் இடி ஏறாத பாத்திரத்தை நகர்த்தாது.

வீட்டுவிதி தடுமாறும் இடம் ட்ரான்ஸ்ம்யூட்டட் ஸ்பெல். மந்திரவாதிகளில் இன்னொரு வகையான சார்சரர் ஒரு சார்சரி பாயிண்ட் கொடுத்து அமிலம், குளிர், நெருப்பு, மின்னல், விஷம், இடி ஆகிய ஆறில் ஒன்றை மற்றொன்றாக மாற்றலாம். ரே ஆஃப் ஃப்ராஸ்டை நெருப்பாக மாற்றி வெள்ளை டிராகன்மீது ஏவினால் சேதம் முழுவதும் ஏறும். வேகமும் குறையும், ஏனென்றால் மாறியது சேத வகை மட்டும், மற்ற வரிகள் அப்படியே இருக்கின்றன. ‘குளிர்தான் வேகத்தைக் குறைக்கிறது’ என்று வீட்டுவிதி போட்ட டிஎம் இப்போது நெருப்புக் கதிர் ஏன் தளரவைக்கிறது என்பதற்குப் பதில் தேட வேண்டும். அச்சிட்ட விதியோடு ஆடுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘பட்டால்’ என்று இருக்கிறது, பட்டது, 10 அடி குறைகிறது.